மன்னித்தவர் கையெழுத்து

போன மாதம் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் மறுபடி ஒரு மேடை போட்டார்கள். மறுபடி இரண்டு தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மறுபடி ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்மை அடித்தவர்களை நாம் மன்னித்துவிட்டோம்" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எரிச்சலில் சொத்தைக் காயையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பவித்ராவிடமிருந்து போன். கோர்ட்டில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்ச் கிளார்க் மேஜையில் இப்போது அவள்தான் உட்காருகிறாள்.

"மேடம், அந்த எலெக்‌ஷன் கலாட்டா கேஸ் ராஜி ஆகுதாம். லீடரே வந்து சைன் பண்றேங்கிறாரு. அவர் சைன் போதுமா, இல்ல இஞ்ஜூர்ட் பார்ட்டி வரணுமா?"

"அடி யாருக்குடி பட்டது?"

"யாரோ பிளெக்ஸ் கட்ற ஆள் மேடம்."

யாரோ! எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணைக் கால் மணி நேரம் வறுத்தெடுத்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் எழுதிக் குடுங்க மேடம், நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். எழுதுகிறேன். படிக்காவிட்டால் மறுபடி போன் செய்து திட்டுவேன்.

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர். மகளாவது வெளிச்சத்தில் உட்காரட்டும் என்று டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டார். டைப்பிஸ்டாகக் கோர்ட்டுக்குள் நுழைந்தேன், கன்னடம் எழுதப் பழகினேன், இலாகா பரீட்சை எழுதினேன், எல்லோரிடமும் திட்டு வாங்கினேன், கடைசியில் ஜட்ஜுக்கு நேர் கீழே இருக்கும் மேஜைக்கு வந்து சேர்ந்தேன். அப்பா சொன்ன வெளிச்சம் அங்கே ஒரு டியூப்லைட். அதுவும் விட்டு விட்டுத்தான் எரியும்.

எங்கள் ஊர் கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசும். பதிவு கன்னடத்தில் ஆகும். வக்கீல்கள் நடுநடுவே இங்கிலீஷில் சண்டை போடுவார்கள். சாட்சியம் முடிந்ததும் அதைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கியது யார்? நான்தான். அப்படி எத்தனை கைகள் எழுதுவதைப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ராஜிக்கும், அதாவது வழக்கைச் சமரசமாக முடிப்பதற்கும், முறை உண்டு. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். அந்த வழக்கில் ராஜியாகப் போக வேண்டுமென்றால் அடிபட்டவர் கேட்க வேண்டும், ஜட்ஜ் அனுமதிக்க வேண்டும். அடிபட்டவர் என்றால் அடிபட்டவர். அவருடைய கட்சி இல்லை, தலைவர் இல்லை, வட்டச் செயலாளர் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை எழுதவே முடியாது. ஆனாலும் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்கள் என் மேஜைக்கு முன்னால் வரிசையாக வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வாய்த்த ஜட்ஜ் தார்வாட் பக்கத்துக்காரர். ஒல்லியாக இருப்பார், சத்தம் போட மாட்டார். தமிழைச் சாட்சிகளிடமே கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் பேசுகிற தமிழில் பாதி எங்கள் ஊர் வசவு. அவரிடம் ஒரு பழக்கம். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையெழுத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடித்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவார். வக்கீல்கள் பொறுமையிழந்து காலை மாற்றி மாற்றி நிற்பார்கள். நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எழுதறது வக்கீல், ஸ்டெல்லா. கையெழுத்து போடறது மனுஷன்" என்றார். "மனுஷனை முதல்ல பார்க்கணும் அல்லவா?"

எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. அன்றைக்கு இருபது வழக்கு இருந்தால் பதினைந்துதான் முடியும். பாக்கி ஐந்துக்கும் வாய்தா எழுதிக்கொண்டு நான் மனதுக்குள் புலம்புவேன்.

இப்போது செல்வி. மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் இருப்பவள், எங்கள் சர்ச் சபைதான். தினமும் காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் மெஷின் தைத்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். நகராட்சித் தேர்தலில் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தாள். அந்தக் கட்சியின் உள்ளூர்த் தலைவர் மழையிலும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர். அவர் பெயர் வேண்டாம், கண்ணாடிக்காரர் என்றே சொல்கிறேன்.

செல்வி அன்றைக்குச் செய்த குற்றம் இதுதான். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு பெண்ணைக் கள்ள ஓட்டுப் போட அழைத்துவந்தார்கள். "இது செத்துப்போன ராஜம்மா ஓட்டு. நீ எப்ப ராஜம்மா ஆன?" என்று எல்லோர் முன்னாலும் செல்வி கேட்டுவிட்டாள். ஓட்டு எண்ணி முடிந்த சாயங்காலம் எதிர்க்கட்சிக்காரர்கள் நான்கு பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். வாசல் இரும்பு கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடமாட்டேன் என்று நின்றாள். மூன்று பேர் அவளை நெருக்கிப் பிடிக்க, ஒருவர் கிரில்லை இழுத்து அறைந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு கோணலாகக் கூடியது, விரல்கள் மடங்கவே இல்லை. மெஷினிலிருந்து எழுப்பி நூல் கத்தரிக்க உட்காரவைத்தார்கள். சம்பளமும் இறங்கியது.

அந்த நான்கு பேரில் ஒருவர் முருகேசன். செல்வி வீட்டுக்கு மூன்றாவது வீடு, அவள் போகிற அதே ரயிலில் வேலைக்குப் போகிறவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, "செய்தீர்களா?" என்று கேட்டபோது நான்கு பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். முருகேசனின் குரல் மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தது.

செல்வியின் சாட்சியம் பதினொரு பக்கம். படித்துக் காட்டிப் பேனாவை நீட்டினேன். இடது கையால் வாங்கினாள். "அ. செல்வி" என்று எழுத, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சைப் பிடித்தாள். வலது கையால் காகிதத்தை அழுத்தவும் முடியவில்லை, அது நழுவி நழுவிப் போயிற்று. நான் பேப்பர்வெயிட்டை வைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். ஜட்ஜ் ஐயா எழுந்து போகாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் நம் அரசியல் தன் வேலையைக் காட்டியது. அடுத்த தேர்தல் நெருங்கியதும் கண்ணாடிக்காரர் எதிர்க்கட்சித் தலைவரோடு கூட்டணி சேர்ந்தார். ராபர்ட்சன்பேட்டையில் மேடை, மாலை, பட்டாசு. "மன்னிப்பதே மாண்பு" என்று ஆளுயர பிளெக்ஸ். அந்த நான்கு பேரையும் மேடைக்கு ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். உடைந்தது செல்வியின் கை, மாண்பு கண்ணாடிக்காரருக்கு! அவளுக்கு ஒரு துண்டுச்சீட்டு அழைப்புக்கூட வரவில்லை.

நானும் ஒன்றும் உசத்தி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவள் தோளைத் தொட்டு, "மன்னிச்சிடேன் செல்வி. உனக்குத்தான் நிம்மதி" என்றேன். பாதிரியார் அப்போதுதான் பிரசங்கத்தில் சொன்னதை அப்படியே எடுத்து அவளிடம் தள்ளினேன்.

"யார மன்னிக்கணும்க்கா?" என்றாள்.

"அந்த நாலு பேரத்தான்."

"அவங்கதான் ஒன்னுமே பண்ணலேன்னு உங்க எதிர்லயே சொல்லிக்கினாங்களே? ஒன்னும் பண்ணாதவன நான் இன்னாத்துக்கு மன்னிக்கறது?"

டீ ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

மாதக் கடைசியில், மனு வாங்கும் செக்‌ஷனிலிருந்து செல்வி பெயரில் ராஜி மனு வந்தது. மாதக் கடைசி என்றால் கோர்ட்டில் எல்லோருக்கும் எத்தனை வழக்கு முடிந்தது என்கிற கவலைதான். மனுவோடு வரும் கையெழுத்துகளைக் கோப்பில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவது என் வேலை. அன்றைக்கு என் கையில் பன்னிரண்டு மனு. செல்வி ஒரு வழியாக இறங்கி வந்துவிட்டாள் போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு டிக் போட்டு மேலே வைத்தேன். ஒப்பிடவில்லை.

கோர்ட் ஹால் நிறைய வெள்ளை வேட்டி. கண்ணாடிக்காரர் முன்வரிசையில். செல்வியிடம் சாதாரண வாய்தா என்று சொல்லி வரவழைத்துக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். வழக்கைக் கூப்பிட்டதும் மனுவைக் கொண்டுவந்த வக்கீல் எழுந்து, அடிபட்டவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார் என்று ஆரம்பித்தார். அதற்குள் கண்ணாடிக்காரரே எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் முழுமனசோட மன்னிச்சிட்டேன்."

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். "நீவு யாரு?"

"இவங்களோட தலைவர்ங்கய்யா."

"அடி எங்க பட்டது?"

"என் தொண்டர் மேல பட்ட அடி என் மேல பட்ட மாதிரிங்கய்யா."

"அப்படியா. கை காட்டுங்க, பார்க்கலாம்."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார், காட்டவில்லை. ஜட்ஜ் வழக்கம்போல மனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பார்த்தார். கோப்பை வாங்கிச் சாட்சியப் பக்கத்தைத் திறந்து அதையும் பார்த்தார். பிறகு செல்வியை முன்னால் வரச்சொல்லி மனுவை அவள் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்தா அம்மா?"

அழகான கையெழுத்து. 'வி'யின் சுழியை நீட்டிப் பெயருக்குக் கீழே ஒரு வளைவாகக் கொண்டுவந்திருந்தது. செல்வி வெகுநேரம் பார்த்தாள். இடது கை விரலால் அந்த வளைவைத் தடவினாள்.

"என்னுதுதாங்கய்யா" என்றாள். வக்கீல் மூச்சு விட்டார். "ஆனா கை ஒடையறதுக்கு முன்னால போட்டது. இப்ப எனக்கு இப்டி வராது. யாரோ பாத்து எழுதிக்கீறாங்க."

பூத் ஏஜெண்ட் படிவத்தின் நகல் கட்சி ஆபீசில் இருந்திருக்கிறது. அவர்களுக்காகப் பூத்தில் போய் உட்கார அவள் போட்ட கையெழுத்து. அதைப் பார்த்து எழுதியவர்களுக்கு, அந்தக் கை இன்று எழுதாது என்பதுகூட ஞாபகம் வரவில்லை! எந்தக் காயத்தை மன்னிப்பதாக எழுதினார்களோ, அந்தக் காயத்தையே அவர்கள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எதிரி உடைத்தான், சரி. இவர்கள் இவளுடைய ஆட்கள். இவர்களை என்ன சொல்வது?

ஜட்ஜ் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இடது கையால் போட்டாள். கூண்டில் நின்ற முருகேசன் எட்டிப் பார்ப்பதைப் பார்த்தேன். அவர் அந்தக் கையை அன்றைக்குத்தான் முதன்முதலாக நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு ஜட்ஜ் மனுவில் இருந்த சிவப்பு டிக்கில் விரலை வைத்தார். "இதை யார் பார்த்தது?"

"செக்‌ஷன்ல பார்த்தாங்க சார்" என்றேன், கையில் சிவப்புப் பென்சிலோடு.

பொய். என் டிக் அவருக்குத் தெரியும், வருஷக்கணக்காகப் பார்க்கிறார். மனுவைக் கவரில் போட்டு அரக்கு வைக்கச் சொன்னார். நான்தான் அரக்கை உருக்கினேன்.

அந்தக் கவர் பற்றிய விசாரணை தனியாகப் போயிற்று. கண்ணாடிக்காரர் பெயர் அதில் எங்கேயும் வரவில்லை. அவர் வராந்தாவில் செல்வியைப் பிடித்துச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "பசங்க அவசரத்துல ஏதோ பண்ணிட்டானுங்க. அதையும் சேத்து மன்னிச்சிடும்மா, எலெக்‌ஷன் வருது." அட, வெட்கங்கெட்ட ஜென்மமே என்று வாய்வரைக்கும் வந்தது. நான் இருந்த லட்சணத்தில் யாரைச் சொல்வது என்று முழுங்கினேன்.

மறுநாள் காலை ரயிலில் நடந்ததைச் செல்வி எனக்குச் சொன்னாள். வழக்கு ஆரம்பித்த நாளிலிருந்து முருகேசன் அவள் ஏறும் பெட்டியில் ஏறுவதில்லை, ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறுவாராம். அன்று அவள் பெட்டிக்கே வந்து எதிரில் நின்றார். கூட்டத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

"கதவ இழுத்தது நான்தான் செல்வி. உன் கை கீதுன்னு தெரிஞ்சேதான் இழுத்தேன்."

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"இத்த ட்ரெயின்ல சொல்லாத. எங்க இல்லைன்னு சொன்னியோ அங்க போயி சொல்லுன்னேன். மன்னிப்பேன்னெல்லாம் சொல்லல."

அடுத்த வாய்தாவில் முருகேசன் கூண்டில் கையைத் தூக்கினார். அவருடைய வக்கீலே சட்டையைப் பிடித்து இழுத்தார். ஜட்ஜ் எச்சரித்தார். "நீங்க சொல்றது உங்களுக்கு விரோதமா எழுதப்படும். ஜெயிலுக்குப் போகலாம். வேலை போகும். யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சிட்டேங்கய்யா. ரெண்டு வருஷமா அதத்தான் யோசிக்கறேன். நான்தான் இழுத்தேன்."

பின்வரிசையில் அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அதையெல்லாம் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அப்போது செல்வி எழுந்து வந்து, "ஐயா, இப்ப இவர மன்னிக்கறேன். இவர மட்டும்" என்றாள்.

நான்கு பேரில் ஒருவரோடு மட்டும் ராஜியாகலாமா என்று ஜட்ஜ் சட்டப் புத்தகங்களைப் புரட்ட ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். ஆகலாம் என்று தெரிந்தது. மனுவை எழுதித்தர வக்கீல்கள் முன்வந்தார்கள், செல்வி ஒருவரிடமும் விடவில்லை. கோர்ட்டிலேயே என் மேஜை ஓரத்தில் நின்று இடது கையால் எழுத ஆரம்பித்தாள். தாள் நழுவியது. நான் பேப்பர்வெயிட்டைத் தேடுகிறேன், கோப்புகளுக்கு அடியில் எங்கோ கிடக்கிறது. அதற்குள் முருகேசன் கூண்டிலிருந்து இறங்கி வந்து, தாளின் மேல்முனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உத்தரவில்லாமல் கூண்டைவிட்டு இறங்கக்கூடாது. போலீஸ்காரர் ஓர் அடி எடுத்துவைத்தார். ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

மூன்று வரி எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கதவை இழுத்ததை முருகேசன் ஒத்துக்கொண்டார். அவரை மன்னிக்கிறேன். மற்றவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே கையெழுத்து. ஜட்ஜ் அதைக் கடைசியிலிருந்து படித்தார்.

ராஜியில் விடுதலையான முருகேசன் பிறகு அதே வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததைச் சொன்னார். மற்ற மூவருக்கும் தண்டனை ஆயிற்று. அப்பீலுக்குப் போனார்கள், ஜாமீனில் வந்தார்கள், வந்த அன்றைக்கே கண்ணாடிக்காரர் பங்காருப்பேட்டைவரைக்கும் போய் மாலை போட்டு அழைத்துவந்தார். முருகேசனைத்தான் துரோகி என்று அவருடைய கட்சியைவிட்டு நீக்கினார்கள். இந்த ஊரில் உண்மையைச் சொன்னவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

சரி, என் விஷயம். அந்த டிக்கைப் பற்றி ஜட்ஜ் மாற்றலாகிப் போகும் நாள்வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செக்‌ஷனில் ஒரு கிளார்க்குக்கு விளக்கம் கேட்டு மெமோ போயிற்று, அவர் எப்படியோ பதில் எழுதித் தப்பித்தார். நான் ஓய்வு பெற்றேன், எனக்கும் மாலை போட்டார்கள், அப்பழுக்கற்ற பணி என்று பேசினார்கள். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

பவித்ராவிடம் கால் மணி நேரம் கத்திவிட்டுப் போனை வைத்தபோதுதான் என் குரல் எனக்கே கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் செல்வியைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனேன்.

"செல்வி, அந்தக் கள்ளக் கையெழுத்த ஒத்துப் பாக்காம டிக் போட்டது நான்தான். ஜட்ஜ் கேட்டப்ப செக்‌ஷன் மேல சொல்லிட்டேன்."

அவள் பைபிளை இடது கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியும்க்கா. செவப்புப் பென்சிலு உங்க கையிலதான இருந்துச்சு, நான் பக்கத்துலதான நின்னேன். நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்." பிறகு பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கு முருகேசனே தேவல. ரெண்டே வருஷத்துல வந்துட்டான்."